வீட்டோடு இருக்கிறவள்

மகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நீ இருக்கிற செங்கல்பட்டுக்கும் நம் குப்பத்துக்கும் நடுவில் பெரிய ஊர் என்று திருக்கழுக்குன்றம் ஒன்றுதான் இருக்கிறது. பஸ் ஏறினால் காலையில் சாப்பிட்டது செரிப்பதற்குள் வந்து சேரலாம். பெற்றவளுக்கே தபாலில் பத்திரிகை அனுப்புகிற பிள்ளைக்கு நானும் தபாலில் பதில் போடுவதுதான் மரியாதை. நேரில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் உனக்குக் கடைசி பஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. தாளைப் பார்த்து அப்படி எழுந்து போக முடியாது. ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது, மீதிப் படிப்பெல்லாம் மீன் சுற்ற வந்த வாரப் பத்திரிகைத் தாளில் படித்ததுதான். எழுத்து என்னை விட்டுப் போகவில்லை. போனது வேறு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் கல்யாணம் முடிந்த மறுவாரம் எனக்கு மறுபடியும் தலையில் ஆபரேஷன். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பழைய குருடி கதவைத் திறடி என்கிற மாதிரி அந்தத் தலைவலி திரும்ப வந்துவிட்டது. இந்த முறை பேச்சே போகலாம் என்கிறார் டாக்டர். போவதற்கு முன்னால் உனக்குச் சிலதைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்வாயா மாட்டாயா என்பதில் என் பேச்சு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே கல்யாணத்துக்கு முன் அம்மா வாழ்த்தி எழுதியிருக்கிறாள் என்று நினைத்துப் படிக்காதே. கசப்பாகத்தான் இருக்கும்.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. தெரியாதபடி வளர்த்தது நானேதான். விடிந்ததும் நீ கரைப்பக்கம் வந்தால் விரட்டுவேன், உடம்பில் மணல் ஒட்டியிருந்தால் அடிப்பேன். இவன் கையில் வலை வரக்கூடாது, பேனாதான் வர வேண்டும் என்று இருந்தேன். அதனால் நான் நடுக்கரையில் நின்ற நிற்பை நீ பார்த்ததே இல்லை. கட்டுமரம் ஒதுங்கியதும் மீனைக் கொட்டிக் குவிப்பார்கள். சுற்றிலும் கூடைக்காரிகள் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் சைக்கிள் வியாபாரிகள் நிற்பார்கள். குவியலைப் பார்த்த மாத்திரத்தில் நான் ஒரு விலை வைத்து ஏலம் கூற ஆரம்பிப்பேன். ஒருத்தி வாயால் கேட்பாள், ஒருவன் கண்ணால் கேட்பான், இன்னொருத்தி ஏற்றிக் கேட்பது பக்கத்திலிருப்பவளுக்குத் தெரியக்கூடாது என்று கால் விரலை மட்டும் அசைப்பாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கி மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவேன். யார் எவ்வளவில் நின்றார்கள், யாருக்கு நேற்றைய பாக்கி, எந்தக் கட்டுமரத்துக்கு என்ன சேர வேண்டும், எல்லாம் மண்டைக்குள் இருக்கும். கடலுக்குப் போன ஆம்பிளையின் உழைப்புக்கு விலை சொல்கிறவள் நான். வஞ்சிரம் வந்தாலும் சரி, பொடி இறால் சென்னாகுனி வந்தாலும் சரி, என் வாயிலிருந்து ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று வந்தால்தான் அது வீட்டுக்குச் சோறு. குப்பத்தில் எவ்வளவு பெரிய சண்டைக்காரனும் அந்த நேரத்தில் எனக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த நடுக்கரையில்தான் ஒருநாள் ஏலத்தின் நடுவே விழுந்தேன். வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்ததாம், வாயில் நுரை தள்ளியதாம். காற்று கருப்பு என்று முதலில் வேப்பிலை அடித்தார்கள். பிறகு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, அங்கிருந்து மெட்ராஸ். நீ அப்போது காலேஜில் கடைசி வருஷம். குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்பதால் உன்னோடுதான் ரயிலேறினேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போதே நீ பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாய். “டாக்டருகிட்ட நானே பேசிக்கிறேன். நீ இன்னாத்தயாவது சொல்லிகினு இருக்காத.” சரி என்றேன். கூடுவாஞ்சேரியில் உன் காலேஜ் சிநேகிதன் ஒருவன் ஏறினான். நீ அவனைக் கூட்டிக்கொண்டு கதவோரம் போய்விட்டாய். மாம்பலத்தில் அவன் இறங்கிய பிறகுதான் திரும்பி வந்தாய். தலை மாதிரியே அதுவும் வலித்தது, ஆனால் பிள்ளை படித்தவன், நாலு பேரைத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழுத்து நரம்பில் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். தலைக்குள் தீ வைத்தது போல் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் உன்னை உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். நீ போய்விட்டுச் சீக்கிரமே வந்தாய். “இன்னாடா சொன்னாரு?” என்றேன். “ஒண்ணியும் இல்லம்மா. கட்டி கீதாம், எடுத்துட்டா தலவலி போயிடும்னாரு” என்றாய். உள்ளே என்ன பேசினீர்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. உன் நைனாவும் தன் பங்குக்கு ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கன்னியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். செய்யலாமா, வேண்டாமா என்று கேட்டார். வெள்ளை வந்தது. செய்யலாம் என்று அம்மனே சொல்லிவிட்டாள். அம்மனைக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்குத்தானே அவள் பதில் சொல்ல முடியும்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் தினமும் வந்து பார்ப்பார். பெயரைக் கேட்டார், சொன்னேன். பேனாவைக் காட்டினார், பேனா என்றேன். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லச் சொன்னார், பாட்டு மாதிரி சொன்னேன். மாணவர்கள் கூட்டமாகச் சூழ்ந்து நிற்பார்கள். நாம் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது என்று அவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார். மாணவி ஒருத்தி, வீட்டு வேலையெல்லாம் செய்ய முடிகிறதா என்று என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் எனக்கு ஏது வீடு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.

மொட்டைத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கரையில் நின்றேன். அன்றைக்கு உன் நைனா கட்டுமரத்தில் சங்கரா மீன் நிறைய. குவியலைப் பார்த்தேன். விலை வரவில்லை. சும்மா ஒன்றைச் சொல்லி ஆரம்பித்தேன். ஒருத்தி ஏற்றிக் கேட்டாள், திருக்கழுக்குன்றம் சைக்கிள்காரர் அதற்கு மேல் கேட்டார். இரண்டும் காதில் விழுந்தன. எது பெரியது என்றுதான் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்ல முடிந்தது. இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே உயரமாக நின்றன. நான் பாட்டுக்கு விலையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்த சைக்கிள்காரர்தான் மெதுவாகச் சொன்னார். “அக்கா, நான் மேல கேட்டேங்கா. நீ கீழ போய்கினு கீற.” அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் மற்ற மரத்துக்காரர்கள் வேறு ஒருத்தியிடம் போனார்கள். அதற்கு மறுநாள் உன் நைனாவே தன் மீனைத் தன் தங்கை முன்னால், அதுதான் உன் அத்தை முன்னால், கொட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அத்தை அழுதுகொண்டேதான் ஏலம் கூறினாள். நான் வீட்டுக்கு வந்து உலையை வைத்தேன்.

அடுத்த முறை டாக்டர் வரச் சொன்னபோது உனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது, லீவு இல்லை. அத்தையோடு போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்றார். ஏலம் கூற முடியவில்லை என்றேன். என்ன ஏலம் என்றார். சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “வீட்டோட இருக்கிறவங்கன்னு உங்க பையன் சொன்னாரேம்மா” என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் அவர் வாயால் கேட்டேன். என் கட்டியின் ஒரு ஓரம், கணக்குப் பார்க்கிற இடத்தை ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்தால் பேச்சும் கைகாலும் பெரும்பாலும் தப்பிக்கும், கணக்குத்தான் தடுமாறும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். வீட்டோடு இருக்கிறவர் என்றாயாம். அப்படியென்றால் பரவாயில்லை, முழுசாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாராம். “தெரிஞ்சிருந்தா அந்த ஓரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டிருப்பேன்” என்றார்.

கேட்டிருப்பாராம். இந்த ஒரு சொல் என்னை எத்தனை நாள் தூங்க விடவில்லை தெரியுமா? நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று அத்தையைக் கேள், சொல்வாள். “அவன் வெளியூர்ல தங்கிப் படிச்ச புள்ள சார். அவனுக்கு இதெல்லாம் தெரியாது” என்றேன். வெளியே வந்ததும் அத்தை என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். உனக்கு என் வேலை தெரியாது என்றாலும் நான் கரைக்குப் போகிறவள் என்பது தெரியும். உன் காலேஜ் சட்டை எதில் வந்தது என்பதும் தெரியும். அந்த மேசைக்கு எதிரே, வெள்ளைக் கோட்டுக்காரர் முன்னால், மீன்காரி மகன் என்று ஆகிவிடுவோமே என்று உன் வாய் முந்திக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் உன்னுடையது, கெட்டது நான்.

அதற்குப் பிறகும் உன்னைக் கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முழுசாக எடுத்ததால் இனி வராது, ஆயுசு கெட்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் என் பிள்ளையின் பொய்தான் எனக்கு உயிர் கொடுத்ததோ, உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஓரத்தை விட்டுவைத்து அதனாலேயே செத்திருப்பேனோ என்று எண்ணுவேன். அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இதையே பிசைந்துகொண்டிருப்பேன். நடக்காததை யார் பார்த்தது? விலை படியாமல் திரும்பிப் போன மீன், படிந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரி, உயிராவது இருக்கிறதே என்று விட்டேன். இப்போது கட்டி திரும்ப வந்துவிட்டது. அந்த ஆறுதலும் போச்சு.

ஆனாலும் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு நடந்ததுதான் எழுத வைத்தது. நம்முடைய ஆட்கள்தான், ஆனால் இரண்டு தலைமுறையாகக் கடல் தண்ணீரில் கால் வைக்காதவர்கள். பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார், அம்மா முன்னே ஏதாவது வேலைக்குப் போனார்களா என்று. நான் டீ டம்ளரோடு கதவோரம் நின்றேன். உன் நைனா கூரையைப் பார்த்தார். “இல்ல மாமா, வீட்டோட இருக்கிறவங்கதான்” என்றாய். அதே சொல். ஒரு எழுத்து மாறவில்லை. அதோடு நிறுத்தினாயா? “ஆபரேஷனுக்கு அப்புறம் சரியா பேச வராது” என்று வேறு சேர்த்தாய். நான் வாயைத் திறந்தால் என் பேச்சில் கரை வாடை அடிக்கும் என்று உனக்குப் பயம். பெண்ணின் அம்மா கை கழுவப் பின்னால் வந்தபோது, கொஞ்சங்கூடப் பேச வராதா என்று பரிதாபமாகக் கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். குப்பமே அடங்கி நின்ற வாய், சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஊமையாக நின்றது. முதல் நாளே சம்பந்தி முன்னால் உன்னைப் பொய்யனாக்க வேண்டாம் என்றுதான் நின்றேன். அவர்கள் பஸ் ஏறிய பிறகு, அம்மா நல்லா சமாளிச்ச என்றாய். அன்றைக்கு உன்மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. பெற்ற பிள்ளைமேல் இப்படி வருமா என்று எனக்கே பயமாக இருந்தது.

அந்த வாரமே அத்தையோடு மெட்ராஸ் போனேன். இந்த முறை நானே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய இடத்திலிருந்து கட்டி முன்பக்கம் நகர்ந்திருக்கிறது, இப்போது பேச்சின் பக்கத்தில் இருக்கிறது என்றார். டாக்டரும் கிழண்டு போயிருக்கிறார். போன முறை மாதிரி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. முழுசாக எடுத்தால் கொஞ்சம் கூடுதல் நாள் இருப்பேனாம், பேச்சு போகலாமாம். ஓரத்தை விட்டுவைத்தால் பேச்சு தங்கலாமாம், நாள் குறையுமாம். இரண்டிலும் ‘லாம்’தான். பிறகு என்னிடமே கேட்டார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று. அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

“ஏலம் கூறுறவ” என்றேன்.

இப்போதுமா என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். எனக்குக் கணக்கு இல்லை, விலை இல்லை, கரையில் இடம் இல்லை. பேச்சு ஒன்றுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட, உன் நைனாவைத் திட்ட, நாளைக்கு உனக்கொரு குழந்தை பிறந்தால் அதைக் கொஞ்ச எனக்கு அது வேண்டும். ஓரத்தை விட்டுவிடுங்கள், நாள் குறைந்தால் குறையட்டும், பேச்சை மட்டும் தொடாதீர்கள் என்றேன். சரி என்றார். ஆனால் திறந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும், படத்தில் தெரியாதது உள்ளே இருக்கலாம், அப்போது உங்களைக் கேட்க முடியாது, வெளியே வந்து உங்கள் பையனைத்தான் கேட்பேன் என்றார். அத்தையைக் கேளுங்கள் என்றேன். பையன் இருக்கும்போது அவரைக் கேட்பதுதான் முறை என்கிறார். சுற்றிச் சுற்றி மறுபடி உன் வாயில் வந்து நிற்கிறது பார் என் தலை.

கல்யாணத்துக்கு வருவேன். நீ சொல்லிவைத்தபடி ஊமையாகவே உட்கார்ந்து அட்சதை போடுவேன். உன் பொய்யை நான் மணவறையில் உடைக்க மாட்டேன், பயப்படாதே. ஆனால் அந்தப் பெண்ணோடு வாழப்போகிறாய், அதற்கு ஒன்று சொல்கிறேன். அவளைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவளைக் கேட்டுவிட்டுச் சொல். அவளுக்கு எது முக்கியம் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கும் நல்லதுதான் செய்கிறோம் என்று நீ நினைத்திருப்பாய்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு வா. வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா, பக்கத்திலேயே நிறுத்திக்கொள். டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்து கேட்கும்போது, அவள் காதில் விழும்படி சொல். எங்க அம்மா ஏலம் கூறுறவங்க, பேச்ச விட்டு வைங்க என்று சொல். வேறெதுவும் சேர்க்காதே. அதைச் சொல்ல உனக்கு வாய் வராது என்றால், வராமலே இருந்துவிடு. பையன் வரவில்லை என்றால் டாக்டர் அத்தையைத்தான் கேட்டாக வேண்டும். அவள் சரியாகச் சொல்வாள்.

இப்படிக்கு,
இன்னும் பேசிக்கொண்டிருக்கிற
உன் அம்மா